மத்தியை முன்வைத்து: உலகக் காலநிலை மாதிரிகளிடம் மீன்வளத்தைப் பற்றிக் கேட்பது எப்படி?

கேரளக் கரையில் 2012-இல் இறங்கிய மத்தி ஏறத்தாழ 3.99 லட்சம் டன். 2021-இல் அது 3,297 டன். 2024-இல் மீண்டும் 1.49 லட்சம் டன். மூன்றுமே கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடுகள். ஒரே மீன், ஒரே கரை, இடையில் பன்னிரண்டே ஆண்டுகள். அதற்குள் நூறு மடங்குக்கு மேற்பட்ட சரிவும், பிறகு நாற்பது மடங்குக்கு மேற்பட்ட ஏற்றமும் நடந்து முடிந்துவிட்டன. இப்படி ஆடுகிற ஒரு மீனைப் பற்றி, 2050-இல் என்ன ஆகும் என்ற கேள்வியை உலகக் காலநிலை மாதிரிகளிடம் கேட்கலாமா, கேட்டால் எந்த வரிசையில் கேட்பது, வந்த விடையை எவ்வளவு நம்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். கடலியலையோ மீன்வளத்தையோ ஓரளவு அறிந்து, மற்றதற்குப் புதியவராக வரும் மாணவரையும் துறை அலுவலரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் தென்மேற்குக் கரையின் மத்திதான். குமரி மாவட்டத்தார் சாளை என்று சொல்லும் அதே மீன்.

மாதிரி எதைச் சொல்லும்

உலகக் காலநிலை மாதிரி என்பது வளிமண்டலம், கடல், நிலம், பனி ஆகியவற்றைக் கட்டங்களாகப் பகுத்து, கட்டத்துக்குக் கட்டம் வெப்பமும் நீரும் காற்றின் உந்தமும் எப்படிக் கைமாறுகின்றன என்பதை இயற்பியல் சமன்பாடுகளால் கணித்துக்கொண்டே போகும் ஒரு பெரிய கணினி நிரல். இவற்றோடு கடலின் நுண்பாசி, ஊட்டச்சத்து, ஆக்சிஜன், கரிமச் சுழற்சி ஆகியவற்றையும் சேர்த்துக் கணிப்பவற்றைப் புவி அமைப்பு மாதிரிகள் என்பார்கள். மீன்வள வேலைக்குப் பெரும்பாலும் இவையே வேண்டியிருக்கும். பல நாட்டு ஆய்வு நிறுவனங்கள் ஒரே விதிமுறையின்கீழ்த் தத்தம் மாதிரிகளை ஓட்டி, வெளியீடுகளைப் பொதுவில் வைக்கும் ஒப்பீட்டுத் திட்டத்துக்குச் சிமிப் என்று பெயர். அதன் ஆறாம் கட்டமான சிமிப்6-இல் 1850 முதல் 2014 வரை வரலாற்று ஓட்டமும், 2015 முதல் 2100 வரை வெவ்வேறு உமிழ்வுப் பாதைகளுக்கான ஓட்டங்களும் இருக்கின்றன. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மாதிரியும் அவற்றுள் ஒன்று.

புதியவர் பெரும்பாலும் முதலில் தடுக்கி விழும் இடம் ஆண்டுக் கணக்கு. மாதிரியின் வரலாற்று ஓட்டத்தில் வரும் 2012, நாம் வாழ்ந்த 2012 அன்று. பசுங்குடில் வாயுக்களின் அளவும் எரிமலைத் தூசியும் உண்மையான ஆண்டுக்குரியவையாகக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் எந்த ஆண்டில் எல் நினோ வரும், எந்த ஆண்டில் பருவக்காற்று வலுக்கும் என்பதை மாதிரி தன் போக்கில் தீர்மானித்துக்கொள்கிறது. 2015–16-இல் நாம் கண்ட பெரிய எல் நினோவை மாதிரியின் அதே ஆண்டுகளில் தேடினால் கிடைக்காது. ஆகவே மாதிரியின் ஆண்டுத் தொடரையும் கேரளத்தின் ஆண்டு மீன்பாட்டுத் தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுறவு பார்ப்பது, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று கணக்கிடுவது, பொருளற்ற வேலை. அப்படி வரைந்த படங்கள் ஆய்வேடுகளில்கூடத் தென்படுவதுண்டு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இருபது, முப்பது ஆண்டுகளின் சராசரியும், அந்தக் காலத்துக்குள் ஆண்டுகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதும், இவ்விரண்டும் காலப்போக்கில் எப்படி நகர்கின்றன என்பதுமே மாதிரி தரக்கூடிய செய்தி.

முதற்படி: மீனிலிருந்து தொடங்குங்கள்

தரவுத் தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து மீனின் வாழ்க்கையை எழுதுங்கள். மத்தி ஓராண்டு வாக்கில் முதிர்ந்துவிடும். பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளே வாழும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முட்டையிடும். அதே காலத்தில் கேரள, தென் கர்நாடகக் கரையோரம் மேற்பரப்பு நீரைக் காற்று கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. அந்த ஊட்டத்தில் சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளான டையட்டம்கள் பெருகுகின்றன. குஞ்சுகளுக்கும் வளர்ந்த மத்திக்கும் அவையே முக்கிய உணவு. மேலெழுச்சி வலுவாகவும் உரிய காலத்திலும் அமைந்தால் தீனி மிகும். ஆனால் அதே நீர் ஆக்சிஜன் குறைந்த நீரும்கூட. அரபிக்கடலின் அடியில் சுமார் 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழ்வரை பரந்து கிடக்கும் ஆக்சிஜன் வறட்சி அடுக்கு உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மேலெழுச்சியோடு வரும் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனால், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதியான கரைத்திட்டின் அடித்தளத்தில் மீன் தங்க முடியாது.

இப்போது தாளில் சங்கிலியாக எழுதுங்கள்: பருவக்காற்று, மேலெழுச்சி, டையட்டம், குஞ்சுகளின் உயிர்த்தரிப்பு, அடுத்த பருவத்தின் மீன்பாடு. ஒவ்வொரு கண்ணிக்கும் எந்த மாதம், எத்தனை மீட்டர் ஆழம், கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். சங்கிலிக்கு வெளியே நிற்கும் காரணிகளையும் விட்டுவிடக் கூடாது. சுருக்குவலைகளின் எண்ணிக்கை, இயந்திரத் திறன், குஞ்சு மீன் பிடிப்பு ஆகியவை காலநிலை மாதிரியில் எங்கும் இல்லை. மத்தியின் கணக்கிலோ நடுநாயகமாக நிற்கின்றன. கேரளம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை விதித்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

அயிலையையோ நெத்திலியையோ சூரையையோ எடுத்துக்கொண்டால் இந்தத் தாள் முற்றிலும் வேறாக இருக்கும். சூரைக்கு ஆழ்கடலின் ஆக்சிஜன் அடுக்கு எவ்வளவு மேலே ஏறுகிறது என்பது முதற்கேள்வியாகலாம். மத்திக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கரையோரக் காற்றே முதற்கேள்வி.

இரண்டாம் படி: கேள்வியை மாதிரியின் அளவுக்கு வெட்டுதல்

அமெரிக்காவின் ஜிஎஃப்டிஎல்-இஎஸ்எம்4 மாதிரியின் கடற்கட்டம் ஏறத்தாழ அரைப் பாகை. பிரான்சின் ஐபிஎஸ்எல்-சிஎம்6ஏ-எல்ஆர் மாதிரியுடையது ஏறத்தாழ ஒரு பாகை. நம் அகலாங்கில் ஒரு பாகை சுமார் 110 கிலோமீட்டர். கொல்லம் தொடங்கி வடக்கே மத்தி பிடிபடும் கரைத்திட்டின் அகலம் பெரும்பாலும் அத்தகைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கரைக்குச் சில பத்துக் கிலோமீட்டருக்குள் நடக்கும் மேலெழுச்சியை இந்த மாதிரிகள் உள்ளபடி காட்ட இயலாது. அதன் நிழலை மட்டுமே காட்டும். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா பக்கம் வேலை செய்கிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: தேர்ந்தெடுத்த மாதிரியில் நிலம் எது, கடல் எது என்று காட்டும் கோப்பை முதலில் திறந்து, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் கடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது. இல்லாத கடலில் மீன் தேடுவதில் பயனில்லை.

ஆகவே, 2035-இல் குளச்சலில் எவ்வளவு சாளை படும் என்ற கேள்வியைக் கைவிட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான கேள்வி என்றால், அதற்குப் பருவ முன்னறிவிப்புகளும் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அறிவிப்புகளும் பொருத்தமானவை. உலக மாதிரியிடம் கேட்கத் தகுந்த வடிவம் இப்படி இருக்கும்: 1985–2014 காலத்தோடு ஒப்பிட, 2041–2060 காலத்தில், வடக்கு 8 முதல் 14 பாகை வரையிலான கரையோரக் கடலில், ஜூன்–செப்டம்பர் மாதங்களின் மேலெழுச்சிக்கு உகந்த காற்று வலுக்குமா, தளருமா, மேற்பரப்புக்கும் அடிநீருக்கும் இடையிலான அடுக்குப் பிரிவு எவ்வளவு கூடும், 100 மீட்டர் ஆழத்து ஆக்சிஜன் எந்தத் திசையில் போகும்? இக்கேள்வியில் மீனின் பெயரே இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். மீன் ஏழாம் படியில் வரும்.

மூன்றாம் படி: மீன் தரவைச் சந்தேகத்தோடு படித்தல்

கரையில் இறங்கிய அளவு என்பது கடலிலிருந்த அளவன்று. இந்தியாவின் இறங்குதள மதிப்பீடுகள் அடுக்குமுறைக் கூறெடுப்பின் (சில இறங்குதளங்களையும் சில நாள்களையும் மட்டும் எண்ணி மொத்தத்தைக் கணிக்கும் முறையின்) வழியே திரட்டப்படுபவை. பல பத்தாண்டுத் தொடர்ச்சி உள்ளவை. உலக அளவில் மதிக்கத்தக்கவை. ஆனாலும் அந்தத் தொடருக்குள் கட்டுமரமும் வள்ளமும் இயந்திரப் படகாக மாறிய கதை ஒளிந்திருக்கிறது. 1980-களில் கேரளத்தில் சுருக்குவலை பரவியபின் கூடிய மீன்பாட்டைக் கடல் வெப்பத்தின் கொடையாகக் காட்டிவிடுவது எளிது. இயன்றவரை ஒரு படகுப் பயணத்துக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தேடுங்கள். அதிலும் மீன் தேடும் ஒலிக்கருவி வந்தபின் ஒரு பயணம் பழைய ஒரு பயணத்துக்குச் சமமாகாது என்பதை நினைவில் வையுங்கள்.

பரவல் மாற்றத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பல பத்தாண்டுகளுக்கு முன் மத்தி பெரும்பாலும் மலபார்க் கரையோரத்து மீனாகவே இருந்தது. 1980-களின் பிற்பகுதிக்குப் பின் வடக்கேயும், தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் கணிசமாகப் படத் தொடங்கியது. கடல் வெப்பம் கூடியதே காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது வலுவான கருதுகோள். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடேறியது என்பதும் உண்மை. எனினும் அதே பத்தாண்டுகளில் கிழக்குக் கரையின் வலைகளும் சந்தையும் மாறின. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் முதலாவதை மட்டும் எதிர்காலத்துக்கு நீட்டுவது சரியாகாது.

நான்காம் படி: மாதிரிகளைத் தேர்தல்

ஒற்றை மாதிரியை வைத்து ஆய்வு செய்யாதீர்கள். மூன்று அல்லது நான்கு மாதிரிகளாவது வேண்டும். அவையும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருக்க வேண்டும். கரியமில வாயு இரட்டிப்பானால் புவி இறுதியில் எவ்வளவு சூடேறும் என்ற அளவில் ஜிஎஃப்டிஎல்-இஎஸ்எம்4 சுமார் 2.7 பாகையும், ஐபிஎஸ்எல்-சிஎம்6ஏ-எல்ஆர் சுமார் 4.6 பாகையும், பிரித்தானியாவின் யூகேஇஎஸ்எம்1 சுமார் 5.3 பாகையும் காட்டுகின்றன. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசி-யின் ஆறாம் மதிப்பீட்டறிக்கை 2.5 முதல் 4 பாகை வரையே பெரிதும் வாய்ப்புள்ள வரம்பு என்கிறது. எல்லா மாதிரிகளையும் கண்ணை மூடிக்கொண்டு சராசரியாக்கினால் சூடான மாதிரிகள் விடையைத் தம் பக்கம் இழுத்துவிடும். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி, 2050 என்ற ஆண்டை வைக்காமல், உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2 பாகை கூடும்போது இந்தக் கடற்பகுதி எப்படியிருக்கும் என்று ஒவ்வொரு மாதிரியிடமும் கேட்பது.

அடுத்து, நம் கடலில் அந்த மாதிரி இன்றைய நிலையை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சோதியுங்கள். ஒப்பிடுவதற்குச் செப்டம்பர் 1981 முதல் கால் பாகைக் கட்டத்தில் கிடைக்கும் அமெரிக்க நோவா அமைப்பின் மேற்பரப்பு வெப்பத் தரவும், நுண்பாசியின் அளவைக் காட்டுவதாக 1997 முதல் செயற்கைக்கோள்கள் தரும் பச்சையத் தரவும், ஆழத்து வெப்பத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உலகக் கடல் அட்லஸும் போதும். பருவக்காற்று மேகம் செயற்கைக்கோளின் கண்ணை மறைப்பதால், நமக்கு மிகவும் வேண்டிய ஜூன், ஜூலை மாதங்களில்தான் பச்சையத் தரவில் ஓட்டைகள் மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுச் சராசரியைப் பார்த்து நிறைவடையாதீர்கள். மாத வாரியாகப் பாருங்கள். மேலெழுச்சி ஜூனில் தொடங்க வேண்டிய இடத்தில் மாதிரி ஆகஸ்டில் தொடங்கினால், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் மத்திக்கு அது உதவாது. குளிர்காலத்திலும் வேனில் தொடக்கத்திலும் வடக்கு அரபிக்கடலை உண்மையைவிடக் குளிராகக் காட்டுவதும், இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் மாறிமாறிச் சூடாகும் இருமுனை ஊசலை அளவுக்கு மீறி வலுவாகக் காட்டுவதும் இந்தத் தலைமுறை மாதிரிகள் பலவற்றின் நெடுநாள் குறைகள்.

உமிழ்வுப் பாதைகளில் முறையே தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த உமிழ்வைக் குறிக்கும் எஸ்எஸ்பி1-2.6, எஸ்எஸ்பி2-4.5, எஸ்எஸ்பி3-7.0 ஆகிய மூன்றை எடுத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைக்குப் போதும். எஸ்எஸ்பி5-8.5 பாதையை உலகம் இன்று போகும் வழியாகக் கருதி எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதை உச்ச எல்லையாகக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: இறக்குதல், அலகு பார்த்தல்

தரவு புவி அமைப்புக் கட்டக் கூட்டமைப்பின் தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மேகக் கணினிச் சேமிப்பிலும் ஒரு பகுதி இருக்கிறது. கோப்புகள் நெட்சிடிஎஃப் வடிவில் இருக்கும். பைத்தானில் எக்ஸ்அரே, கட்டளை வரியில் சிடிஓ, இவ்விரண்டில் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். நிரல் எழுதத் தயங்குபவர் நாசா தரும் பனோப்ளி என்ற கருவியில் கோப்பைத் திறந்து வரைபடமாகப் பார்த்துப் பழகலாம். மேற்பரப்பு வெப்பம், காற்றின் இழுவிசை, முதன்மை உற்பத்தி (நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உருவாக்கும் கரிமப்பொருள்) ஆகியவற்றின் மாதக் கோப்புகள் சிறியவை. முழு ஆழத்துக்குமான வெப்பமும் ஆக்சிஜனும் பெரியவை; உலகம் முழுவதையும் இறக்காமல் நம் கடற்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கோப்புப் பெயரில் ஆர், ஐ, பி, எஃப் என்ற நான்கு எழுத்துகளும் எண்களும் வரும். முதலாவது, ஒரே மாதிரியைச் சற்றே வேறான தொடக்க நிலையிலிருந்து எத்தனையாவது முறை ஓட்டியது என்பதைக் குறிக்கும். வரலாற்று ஓட்டத்துக்கும் எதிர்கால ஓட்டத்துக்கும் அந்த அடையாளம் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லா மாதிரிகளுக்கும் நான்கும் 1 என்றே இருக்கும் என எண்ணித் தேடினால் யூகேஇஎஸ்எம்1 கிடைக்காது. அதில் கடைசி எண் 2.

அலகுகளில் நானே ஒருமுறை ஒரு வாரம் இழந்திருக்கிறேன். மாதிரிக் கோப்பில் ஆக்சிஜன் கன மீட்டருக்கு மோல் என்ற அலகில் இருக்கும். பழைய கள ஆய்வுகளில் லிட்டருக்கு மில்லிலிட்டர். மீன் உடலியல் நூல்களில் லிட்டருக்கு மில்லிகிராம். பெரும்பாலான மீன்களுக்கு நெருக்கடி தொடங்குவதாகக் கொள்ளப்படும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 1.4 மில்லிலிட்டர், மாதிரியின் அலகில் ஏறத்தாழ 0.0625. இந்த ஒரு வரியைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தால், அரபிக்கடல் முழுவதும் ஆக்சிஜன் செழித்துக் கிடப்பதாக நான் வரைந்த படத்தை வரைந்திருக்க மாட்டேன்.

ஆறாம் படி: மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுதல்

மாதிரியின் இன்றைய வெப்பம் உண்மையைவிட 1 பாகை குறைவு என்றால், அதன் 2050 வெப்பத்தை அப்படியே எடுத்து மீனின் தாங்குவரம்போடு ஒப்பிடுவது தவறாகிவிடும். எளிய பரிகாரம், மாதிரியிலிருந்து மாற்றத்தை மட்டும் பெற்று, அதை நோக்கீட்டுச் சராசரியின் மேல் ஏற்றுவது. ஜூலை மாதத்துக்கு மாதிரியின் 2041–2060 சராசரியிலிருந்து அதே மாதிரியின் 1985–2014 சராசரியைக் கழியுங்கள். கிடைத்ததைச் செயற்கைக்கோள் தரும் 1985–2014 ஜூலைச் சராசரியோடு கூட்டுங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். வெப்பத்துக்குக் கூட்டல் பொருந்தும். பச்சையம், முதன்மை உற்பத்தி போன்ற சுழிக்குக் கீழே போக முடியாத அளவுகளுக்கு விகிதமே பொருந்தும்: எத்தனை விழுக்காடு மாறியது என்று கண்டு அதனால் பெருக்க வேண்டும்.

இம்முறையும் சராசரியின் பிழையைத்தான் தீர்க்கும். மாதிரியில் மேலெழுச்சியே சரியாக இல்லையென்றால், தவறான இயக்கத்திலிருந்து பிறந்த மாற்றத்தைச் சரியான சராசரியின் மேல் ஏற்றியதாகவே முடியும். கரையோர நுணுக்கம் உண்மையிலேயே வேண்டுமானால், உலக மாதிரியை எல்லையில் வைத்து உள்ளே சில கிலோமீட்டர் கட்டமுடைய வட்டாரக் கடல் மாதிரியை ஓட்ட வேண்டும். அதற்குக் கணினியும் ஆளும் மாதக்கணக்கில் காலமும் தேவை. தனி மாணவர் தொடங்கத் தக்க வேலையன்று.

ஏழாம் படி: கடலையும் மீனையும் இணைத்தல்

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மத்தியின் மீன்பாட்டோடு எந்தச் சூழல் அளவு நன்றாக ஒத்துப்போகிறது என்று பல பத்தாண்டுத் தரவைச் சோதித்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. கரையோர மேற்பரப்பு வெப்பத்தின் இரண்டரை ஆண்டுச் சராசரி அதில் முன்னணியில் நின்றது. இதைப் படித்ததும் புதியவருக்குத் தோன்றுவது: வெப்பத்துக்கும் மத்திக்கும் ஒரு சமன்பாடு கிடைத்துவிட்டது; இனி 2050-இன் வெப்பத்தை அதில் போட்டால் மத்தியின் அளவு வந்துவிடும். அப்படிச் செய்யக் கூடாது என்பதற்கான காரணம் நுட்பமானது. இந்தக் கரையில் கடந்த காலத்தில் நீர் குளிர்ந்திருந்தது என்றால் பெரும்பாலும் மேலெழுச்சி வலுவாக இருந்தது என்று பொருள். அதாவது வெப்பம் இங்கே தீனியின் அடையாளமாக வேலை செய்தது. எதிர்காலத்தில் பசுங்குடில் வெப்பத்தால் கடல் முழுவதும் சூடேறும்போது மேலெழுச்சி குறையாமலே நீர் சூடாக இருக்கலாம். பழைய அடையாளம் அப்போது பொருள் மாறிவிடும். மீன் உண்மையில் எதைக் கண்டு பெருகுகிறது, தீனியைக் கண்டா, குளிரைக் கண்டா என்பதை அந்தச் சமன்பாடு பிரித்துச் சொல்வதில்லை.

இதிலிருந்து தப்ப இரு வழிகள் உண்டு. ஒன்று, கரையோர வெப்பத்தைத் தனியே எடுக்காமல், அதே அகலாங்கில் திறந்த கடலின் வெப்பத்திலிருந்து அது எவ்வளவு குறைகிறது என்ற வேறுபாட்டை எடுப்பது. பொதுவான வெப்பமேற்றம் இரு பக்கமும் கழிந்து மேலெழுச்சியின் சுவடு மிஞ்சும். மற்றொன்று, காற்றிலிருந்தே கணக்கிடுவது. கரைக்கு இணையான காற்றின் இழுவிசையை, நீரின் அடர்த்தியும் புவிச் சுழற்சிக் காரணியும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால், ஒரு மீட்டர் கரை நீளத்துக்கு எவ்வளவு நீர் கடலுக்குள் தள்ளப்படுகிறது என்பது கிடைக்கும். வடக்கு 10 பாகையில் அந்தக் காரணி ஏறத்தாழ 0.0000253, இழுவிசை சதுர மீட்டருக்கு 0.05 நியூட்டன் என்றால், மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 1.9 கன மீட்டர் நீர் நகர்கிறது. கேரளக் கரையின் மேலெழுச்சி உள்ளூர்க் காற்றால் மட்டும் நடப்பதில்லை, வங்கக் கடலிலிருந்து இலங்கையைச் சுற்றிக் கரையோரமாக ஓடிவரும் அலைகளுக்கும் அதில் பங்குண்டு என்பதால் இந்தக் கணக்கு முழுமையானதன்று. ஆனால் உலக மாதிரிகள் கரையோர நீரைவிடக் காற்றை ஓரளவு மேலாகக் காட்டும் என்பதால் நான் இதையே முதலில் பார்ப்பேன்.

ஒட்டுறவுகளை நம்பி ஏமாந்த கதை நம் கரை மத்திக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பசிபிக் கரையில் மத்திப் பிடிப்பின் வரம்பை முடிவுசெய்ய, சான் டியேகோவுக்கு அருகிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடற்பாலத்தில் அளந்த நீர் வெப்பத்தைப் பயன்படுத்தினார்கள். 2010-இல் புதிய தரவோடு மறுபடி சோதித்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. விதிமுறையில் பிறகு வேறு வெப்ப அளவைச் சேர்த்தார்கள். அங்கே சூடான நீர் மத்திக்கு நல்லது என்று கொண்டிருந்தார்கள், இங்கே குளிர்ந்த நீர். இரு மத்தி இனங்களுக்கு எதிரெதிர்க் குறிகள் என்பதே, வெப்பம்தான் நேரடிக் காரணமா என்று ஐயுறப் போதுமானது.

ஆகவே நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். தாளில் எழுதிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அளவைத் தேருங்கள். தரவின் முதல் மூன்றில் இரு பங்கை வைத்துத் தொடர்பைக் கண்டு, மீதியை வைத்துச் சோதியுங்கள். 2012-க்குப் பிந்தைய சரிவை உங்கள் தொடர்பு பிடிக்கவில்லை என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். குஞ்சு மீன் பிடிப்பும் அதில் கலந்திருந்தது என்பதால் அது பிடிக்காமல் போவது இயல்பே. எதிர்கால வெப்பம் கடந்த காலத்தில் ஒருபோதும் காணாத அளவுக்குப் போகும் மாதங்களைத் தனியே குறித்து, அங்கே சமன்பாட்டின் சொல்லுக்கு எடை இல்லை என்று படத்திலேயே காட்டுங்கள்.

ஒற்றை இனத்தை விட்டு, கடலின் மொத்த உயிர்த்திரளைக் கணிக்கும் மாதிரிகளும் உள்ளன. அவற்றை ஒப்பிடும் ஃபிஷ்மிப் திட்டம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, 1990-களோடு ஒப்பிட நூற்றாண்டின் இறுதியில் உலகக் கடல் விலங்குகளின் திரள் உயர் உமிழ்வுப் பாதையில் சுமார் 19 விழுக்காடும், தாழ் உமிழ்வுப் பாதையில் சுமார் 7 விழுக்காடும் குறையும். நாட்டளவில் கொள்கை பேசுவோருக்கு இது பயன்படும். கோழிக்கோட்டு மத்திக்கு 19 விழுக்காடு என்று இதை இறக்கிச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

எட்டாம் படி: வேறுபாடுகளைக் கடைசிவரை கொண்டுபோதல்

ஒரே கேள்விக்கு மூன்று காரணங்களால் பல விடைகள் வரும்: கடல் தானாகவே ஆடுவது, மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்படுவது, மனிதர் எவ்வளவு உமிழ்வர் என்பது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முதல் இரண்டே பெரியவை, எஸ்எஸ்பி2-4.5-க்கும் எஸ்எஸ்பி3-7.0-க்கும் 2040-இல் தோன்றும் வேறுபாடு பெரும்பாலும் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். உமிழ்வுப் பாதையின் தாக்கம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தெளிவாகப் பிரியும். இயல்பான ஆட்டத்தின் அளவை அறிய, ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டிய பெருந்தொகுப்புகளைப் பாருங்கள். சிஇஎஸ்எம்2 மாதிரிக்கு அப்படி 100 ஓட்டங்கள் உண்டு. ஒரே இயற்பியல், ஒரே உமிழ்வு, ஆனால் நூறு வெவ்வேறு 2040-கள். நூறையும் ஒரே படத்தில் மெல்லிய கோடுகளாக வரைந்து பார்த்த பின் யாரும் ஒற்றைக் கோட்டை நம்ப மாட்டார்கள்.

எந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பதும் அளவுக்கு அளவு மாறும். சிமிப்6 மாதிரிகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், எஸ்எஸ்பி5-8.5 பாதையில் நூற்றாண்டின் இறுதியில் உலகக் கடல் மேற்பரப்பு வெப்பம் 1870–1899 காலத்தைவிட 3.5 பாகை அளவு கூடும் என்றும், மாதிரிகளுக்கிடையிலான விலகல் 0.8 பாகை என்றும் வந்தது. முதன்மை உற்பத்தியிலோ சராசரி 3 விழுக்காடு குறைவு, விலகல் 9 விழுக்காடு. கூடுமா குறையுமா என்பதிலேயே மாதிரிகள் உடன்படவில்லை. மத்தியின் தீனி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எனவே நம் சங்கிலியில் வெப்பம் என்ற கண்ணி உறுதியானது, ஆக்சிஜன் ஓரளவு, டையட்டம் மிக மெலிந்தது என்பதை அறிக்கையில் கண்ணி வாரியாகவே எழுதிவிடலாம். எத்தனை மாதிரிகளில் எத்தனை ஒரே திசையைக் காட்டின என்ற எளிய எண்ணிக்கை, பல நேரங்களில் சராசரியைவிட நேர்மையான செய்தி.

ஒன்பதாம் படி: எழுதித் தருதல்

யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடையின் வடிவம் மாறும். படகுக்கடன் வாங்குபவர் முன்னிருக்கும் காலம் பத்தாண்டு; துறைமுகமும் குளிர்பதனக் கிடங்கும் கட்டுபவருக்கு முப்பது, நாற்பது; பிடிப்பு அளவு விதிப்பவருக்கு ஒன்றிரண்டு ஆண்டு. கடைசியாகச் சொன்னவருக்கு நம் வேலை நேரடியாகப் பயன்படாது என்பதை அவரிடமே சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இரண்டு, மூன்று நிலைமைகளை விவரித்து எழுதலாம்: காற்று வலுத்து ஆக்சிஜன் குறைந்த கடல், காற்று தளர்ந்து அடுக்குப் பிரிந்த கடல், பெரிதாக மாறாமல் ஆட்டம் மட்டும் கூடிய கடல். ஒவ்வொன்றிலும் மத்தியை மட்டுமே நம்பிய சுருக்குவலைக் குழுவுக்கு என்ன நேரும், அயிலைக்கும் நெத்திலிக்கும் மாறக்கூடியவருக்கு என்ன நேரும் என்று எழுதுங்கள். இறங்குதளத்தில் அமர்ந்து அதைப் படித்துக் காட்டினால், எந்த நிலைமை ஏற்கெனவே எந்த ஆண்டில் வந்துபோனது என்று மீனவர்களே அடையாளம் காட்டக்கூடும். அந்தக் குறிப்புகள் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும்.

பயன்படுத்திய ஒவ்வொரு கோப்பின் பெயரையும், பதிப்பு எண்ணையும், இறக்கிய நாளையும், வெட்டிய எல்லைகளையும் நிரலோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். மாதிரிக் கோப்புகளில் பிழை கண்டால் வெளியிட்டவர்கள் திரும்பப் பெற்றுப் புதிய பதிப்பை வைப்பதுண்டு. சிமிப்பின் ஏழாம் கட்ட வேலையும் தொடங்கிவிட்டது. அதன் கோப்புகள் வரும்போது, முதல் மூன்று படிகளின் தாள்கள் கையில் இருந்தால், நான்காவதிலிருந்து மீண்டும் ஓட்டினால் போதும்.